ஏணியும் வகுப்பறையும்: இலங்கை ஆசிரியர் சேவையின் பதவியுயர்வு முறைமை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

கல்வியின் தரம் பற்றிய விவாதம் எம்மிடையே எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் பாடத்திட்டம், பாடநூல், பரீட்சை ஆகிய மூன்றையும் சுற்றியே அமைந்துவிடுவதை அவதானிக்கலாம். ஆசிரியரைப் பற்றிப் பேச நேரும்போது அப்பேச்சு அவரது கடமையுணர்வைப் போற்றும் உபதேசமாகவோ, கடமை தவறுதலைக் கண்டிக்கும் குற்றச்சாட்டாகவோ முடிந்துவிடுகின்றது. இருபத்தைந்து வயதளவிற் சேவையிற் சேரும் ஒருவர் அறுபது வயதில் ஓய்வுபெறும் வரையுள்ள நீண்ட காலத்தில் எவ்வாறு வளர்கின்றார், எதன் பொருட்டு உயர்த்தப்படுகின்றார், எத்திசை நோக்கி நகர்த்தப்படுகின்றார் என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. தொழிற்சங்கங்கள் அவற்றைச் சம்பளப் பிரச்சினையாக நோக்குகின்றன. நிருவாகிகள் கோவைப் பிரச்சினையாக நோக்குகின்றனர். ஆய்வாளர்களோ பெரும்பாலும் நோக்குவதேயில்லை.

இலங்கை ஆசிரியர் சேவையின் பதவியுயர்வு முறைமையைக் கல்வியின் தரத்தோடு தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். எமது வாதத்தைத் தொடக்கத்திலேயே சுருக்கிக் கூறிவிடலாம். ஆசிரியர் உயர்வதற்கென இந்நாட்டில் ஏணியொன்று உண்டு. அது நெடிய போராட்டங்களின் பயனாகக் கிடைத்த ஏணி. அதனை இழிவாக மதித்தல் தவறு. ஆயின் அவ்வேணி வகுப்பறைக்குள் நிறுத்தப்படவில்லை. வகுப்பறையிலிருந்து வெளியே செல்லும் வழியாகவே வைக்கப்பட்டுள்ளது. அதில் ஏறுபவர் மாணவரிடமிருந்து விலகிச் செல்கின்றார். அவ்விலகலின் விலையை மிகக் கூடுதலாகச் செலுத்துவோர் இந்நாட்டின் மிக வறிய பிள்ளைகளாவர்.

2

இம்முறைமையின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு வரலாற்றைச் சிறிது நோக்குதல் அவசியம். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதைத் தொடர்ந்து, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பரீட்சைப் பெறுபேற்றின் அடிப்படையிற் பணம் வழங்கும் முறை இங்கு புகுத்தப்பட்டது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டின் திருத்திய கல்விக் கோவை வழியாக நடைமுறைக்கு வந்த முறையின் குடியேற்ற நாட்டு வடிவமே இது. பரிசோதகர் ஆண்டுக்கு ஒரு தடவை வருவார். மாணவர் வாசிப்பிலும் எழுத்திலும் எண்கணிதத்திலும் பரீட்சிக்கப்படுவர். சித்தியெய்தியோர் தொகைக்கேற்பப் பணம் கிடைக்கும். ஆசிரியரின் உழைப்பை எண்ணிக்கையால் அளந்து விலை நிர்ணயிக்கும் சிந்தனை எமது நவீன கல்வி முறையின் குழந்தைப் பருவத்திலேயே குடிகொண்டுவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆசிரியர் சமூகத்தைப் படிநிலைகளாகப் பிளவுபடுத்தியமை குடியேற்ற ஆட்சியின் மற்றொரு மரபுரிமையாகும். ஆங்கிலம் கற்பித்த ஆசிரியருக்கும் சுயமொழி ஆசிரியருக்குமிடையே சம்பளத்திலும் சமூக மதிப்பிலும் பெரும் இடைவெளி நிலவியது. அப்படிநிலையின் அடித்தளத்திற்கும் கீழே தோட்டப் பாடசாலை ஆசிரியர் இருந்தார். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பு 1907, 1920ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மூலம் தோட்ட நிருவாகத்திடமே விடப்பட்டது. ஓராசிரியர், ஓர் அறை, குறைந்த நேரக் கற்பித்தல் என்பனவே அங்கு நியதியாயின. அவ்வாசிரியருக்கு உயர்வதற்கு எந்த ஏணியும் இருக்கவில்லை. அவர் தோட்ட நிருவாகத்தின் ஊழியராகவே மதிக்கப்பட்டார்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் அரசினாற் பொறுப்பேற்கப்பட்டமையும் ஆசிரியரின் நிலையை அடிப்படையில் மாற்றியமைத்தன. முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கேற்ப நியமிக்கப்படவும் விலக்கப்படவும் கூடியவராயிருந்தவர் ஓய்வூதிய உரிமையுள்ள அரச ஊழியரானார். சாதி, சமயம் ஆகியவற்றின் பிடியிலிருந்து ஆசிரிய நியமனம் ஓரளவேனும் விடுபட்டமைக்கு இம்மாற்றமே வழிசெய்தது. ஆயினும், தோட்டப் பாடசாலைகள் இவ்விணைப்பிற்கு வெளியே நிறுத்தப்பட்டன. அவை அரச முறைமைக்குள் வந்து சேர்வதற்கு 1970களின் பிற்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. ஏணியின் முதற்படியிற் கால்வைப்பதிலேயே ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பிந்திவிட்ட இவ்வரலாறு பின்னர் நாம் கூறப்போவதற்கு அடிப்படையாகும்.

3

பல்வேறு நியமன முறைகளின் கீழ், பல்வேறு பெயர்களில் இயங்கிய ஆசிரியர்களை ஒரே சேவைக்குள் கொணர்ந்தமை 1994ஆம் ஆண்டின் சாதனையாகும். அவ்வாண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி முதல் இலங்கை ஆசிரியர் சேவை அமைக்கப்பட்டது. பயிற்றப்பட்ட ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், 1980களின் நடுப்பகுதி தொட்டு உருவான தேசிய கல்வியியற் கல்லூரிகளின் டிப்ளோமாதாரிகள் ஆகியோர் அனைவரும் மூன்று வகுப்புகளையும் அவற்றின் உட்பிரிவுகளையும் கொண்ட ஒரே கட்டமைப்பில் இடம்பெற்றனர். ஒருவர் எத்தகுதியோடு நுழைந்தாலும் முதலாம் வகுப்பு வரை உயர முடியும் என்ற கோட்பாடு முதன்முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இது சனநாயக உள்ளடக்கமுடைய ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும், அச்சேவையின் பிரமாணக் குறிப்பு எவற்றைக் கணக்கிற் கொண்டது, எவற்றைக் கொள்ளவில்லை என்று நுணுகி நோக்கும்போது அதன் எல்லைகள் புலனாகின்றன. கணக்கிற் கொள்ளப்பட்டவை இரண்டு: சேவைக்காலம், சான்றிதழ். குறித்த ஆண்டுகள் கழிய வேண்டும். அவ்வாண்டுகளுக்குரிய சம்பள ஏற்றங்கள் உழைக்கப்பட்டிருக்க வேண்டும். குறித்த தகைமை பெறப்பட்டிருக்க வேண்டும். முதலாந் தரத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் நுட்பத்தை ஒருவர் இவ்வாண்டுகளில் வளர்த்துக்கொண்டாரா, கணிதத்தில் அஞ்சி ஒதுங்கும் பிள்ளையை மீட்டெடுக்கக் கற்றாரா, தம்மோடு பணிபுரியும் இளம் ஆசிரியருக்குத் துணை நின்றாரா என்பன அப்பிரமாணத்தின் மொழியில் இடம்பெறத்தக்க விடயங்களாக இருக்கவில்லை.

2014 ஒக்டோபர் 23ஆந் திகதிய 1885/38ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி மூலம் புதிய பிரமாணக் குறிப்பொன்று வெளியிடப்பட்டது. வாண்மை விருத்தி என்ற எண்ணக்கரு இப்போது ஆவணத்திற்குள் நுழைந்தது. ஆனால், இப்பிரமாணக் குறிப்பு 2008 யூலை 1ஆந் திகதி முதல் வலுப்பெறுவதாக ஆக்கப்பட்டமையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முந்திய திகதியிட்டு ஆசிரியரைத் தரமுயர்த்துவது சம்பள நிலுவையைப் பொறுத்தமட்டில் நியாயமானதே. உரிமையாளருக்கு உரியதைக் காலந்தாழ்த்தியேனும் கொடுத்தல் வேண்டும். ஆனால், வாண்மை விருத்தியைப் பொறுத்தவரை அது பொருளற்றது. பின்னோக்கிச் சம்பளம் கொடுக்க முடியும். பின்னோக்கிக் கற்பிக்க முடியாது. 2008இல் ஐந்தாந் தரத்தில் அமர்ந்திருந்த பிள்ளை 2014இற் பதினொராந் தரத்தைத் தொட்டிருக்கும். அரசு பதவியுயர்வை உண்மையில் எவ்வாறு கருதுகின்றது என்பதை இவ்வொரு திகதியே காட்டிவிடுகின்றது. அது ஆசிரியரின் வளர்ச்சியாக அன்றி, சம்பளப் பட்டியலின் திருத்தமாகவே கருதப்படுகின்றது.

பதவியுயர்வுக்கெனக் கற்கும் கற்கைகளும் இக்கருத்தினாற் பாதிக்கப்பட்டுள்ளன. சனி, ஞாயிறு நாட்களில் நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து, நிறைந்த மண்டபத்திலமர்ந்து, குறிப்பெடுத்து, ஒப்படை எழுதிச் சமர்ப்பித்து, சான்றிதழ் பெற்று, அதனைத் தமது சுயவிபரக் கோவையில் இணைக்கின்றார் ஆசிரியர். திங்கட்கிழமை அவர் திரும்பிச் செல்லும் வகுப்பறையில் அக்கற்கை எவ்வித மாற்றத்தை ஏற்படுத்தியது என்று எவரும் வினவுவதில்லை. வினவாததனால் ஆசிரியரும் அதனை எதிர்பார்ப்பதில்லை. கற்றல் கோவைக்காகவே என்ற நிலை தோன்றுகின்றது. மாணவர் பரீட்சைக்காக மட்டும் படிப்பதாகக் குறைகூறும் நாம் ஆசிரியரையும் அதே நிலையில் வைத்திருக்கின்றோம்.

4

சிந்தனையைத் தெளிவாக்கும் பொருட்டு ஓர் ஆசிரியையின் வாழ்க்கைப் பாதையைக் கற்பனையாக வகுத்து நோக்குவோம். கல்வியியற் கல்லூரியில் ஈராண்டு வதிவிடப் பயிற்சியும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்து, பதுளை மாவட்டத்தின் தோட்டப்புற ஆரம்பப் பாடசாலையொன்றில் அவர் நியமனம் பெறுகின்றார் எனக் கொள்வோம். ஆசிரியர் பற்றாக்குறை காரணமாக இரு தரங்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்க நேர்கின்றது. முதற் சில ஆண்டுகள் தடுமாற்றத்தில் கழிகின்றன. பின்னர் மெல்ல மெல்ல அவர் அக்கலையைக் கற்றுக்கொள்கின்றார். ஒரு தரத்திற்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு மற்றத் தரத்தோடு உரையாடுவது எவ்வாறு, கொழுந்து பறிக்கச் செல்லும் தாயைப் பாடசாலைக்கு அழைக்கத்தக்க வேளை எது, பசியோடு வரும் பிள்ளையை எவ்வாறு இனங்காண்பது என்பனவெல்லாம் அவருக்குக் கைவருகின்றன. எந்தக் கலாசாலையிலும் முழுமையாகக் கற்பிக்க முடியாத அறிவு இது. பத்து ஆண்டுகளின் முடிவில் அப்பாடசாலையின் மிகப் பெரிய செல்வம் அவரே.

இக்கட்டத்தில் முறைமை அவருக்கு மூன்று வாயில்களைத் திறந்து காட்டுகின்றது.

முதலாவது வாயில் மேல்நோக்கியது. அதிபர் சேவை, கல்வி நிருவாக சேவை, ஆசிரியர் கல்வியியலாளர் சேவை, அண்மைக் காலத்திற் சேவையாக அமைக்கப்பட்ட ஆசிரிய ஆலோசகர் சேவை என்பன இதிலடங்கும். போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தினால் அவர் உயர்கின்றார். ஆயின் வகுப்பறையைத் துறக்கின்றார், அல்லது பெருமளவு துறக்கின்றார். நல்லாசிரியர் நல்ல நிருவாகியாவார் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. பல வேளைகளில் நாம் ஒரு நல்லாசிரியரை இழந்து ஒரு சாதாரண உத்தியோகத்தரைப் பெறுகின்றோம்.

இரண்டாவது வாயில் பக்கவாட்டிலானது. அது இடமாற்றம். 2007/20ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் வழியான தேசிய ஆசிரியர் இடமாற்றக் கொள்கை, வசதியுள்ள பாடசாலைகளுக்கும் கஷ்ட, அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குமிடையே ஆசிரியரைச் சமமாகப் பங்கிடும் நோக்குடையது. கஷ்டப் பிரதேசச் சேவையை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற அதன் அடிப்படை நியாயமானதே. ஆனால், நடைமுறையில் கஷ்டப் பிரதேசச் சேவை ‘கடந்து முடிக்க வேண்டிய காலம்’ என்ற பொருளையே பெற்றுவிட்டது. அனுபவமற்ற காலத்தில் அங்கு செல்வதும் அனுபவம் முதிர்ந்ததும் நகரப் பாடசாலைக்கு மீள்வதும் வழமையாயின. இதன் விளைவாக, வறிய பிள்ளைகளின் பாடசாலை ஆசிரியர் பழகிக்கொள்ளும் களமாகவும் வசதியுள்ள பிள்ளைகளின் பாடசாலை அப்பழக்கத்தின் பயனை அனுபவிக்கும் இடமாகவும் அமைந்துவிட்டன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தையடுத்துத் தேசிய பாடசாலை, மாகாணப் பாடசாலை என நிலைபெற்ற பிரிவு இதனை மேலும் உறுதிப்படுத்தியது.

மூன்றாவது வாயில் வெளிநோக்கியது. தனியார் கல்வி நிலையங்களும் வெளிநாடும் அங்கு காத்திருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது சம்பளமற்ற நீண்டகால விடுமுறையில் வெளிநாடு செல்ல அரச ஊழியர்க்கு வாய்ப்பளிக்கப்பட்டமை இவ்வாயிலை மேலும் அகலத் திறந்தது.

இம்மூன்று வாயில்களுள் எதனை அவ்வாசிரியை தெரிந்தாலும் அவர்மீது குற்றஞ்சாட்ட எமக்கு உரிமையில்லை. பிள்ளைகளின் கல்வி, பெற்றோரின் பராமரிப்பு, வீட்டுக் கடன், நாளாந்தம் பல மைல் தூரப் பேருந்துப் பயணம் ஆகியவற்றினிடையே வாழும் ஒருவர் தமக்கு நன்மையானதைத் தெரிவது இயல்பு. ஆசிரியரை இறைவனுக்கு நிகராக வைத்துப் போற்றும் எமது மரபு, அவரிடமிருந்து தியாகத்தை இலவசமாகப் பெறுவதற்கான கருவியாகவும் பயன்பட்டு வந்துள்ளது என்பதை முற்போக்குச் சிந்தனையாளர் மறத்தலாகாது. குற்றம் தெரிவு செய்பவரிடம் இல்லை. நான்காவது வாயிலொன்று இல்லாமையே குற்றம். அந்த ஆசிரியை அதே பாடசாலையில், அதே பிள்ளைகளோடு இருந்துகொண்டே தொழிலில் உயர்வதற்கான பாதை இங்கு வகுக்கப்படவில்லை. முதலாம் வகுப்பை அவர் அடையலாம். ஆனால் அது சம்பளத்தின் வகுப்பேயன்றிப் பொறுப்பின் வகுப்பு அன்று. முதலாம் வகுப்பு ஆசிரியரும் நேற்று நியமனம் பெற்றவரும் ஒரே நேரசூசியில், ஒரே வகையான பணியையே செய்கின்றனர். முதிர்ந்த அறிவுக்கென ஒரு பணி ஒதுக்கப்படாதவிடத்து அவ்வறிவு அவரோடேயே ஓய்வுபெற்றுச் செல்கின்றது.

5

மேற்கூறிய மூன்று வாயில்களும் சேவைக்குள் முறையாக நுழைந்தோருக்கு உரியவை. மலையகத்திலும் வடக்கு, கிழக்கிலும் அச்சேவைக்குள் நுழைவதே ஒரு தனிப் போராட்டமாக அமைந்தது.

மலையகத்தில் ஆசிரிய நியமனம் என்பது தோட்டத் தொழிலிலிருந்து விடுபட்டு எழும் ஒரு தலைமுறையின் முதற் சமூக அசைவியக்கமாக விளங்கி வந்துள்ளது. 1980களில் க.பொ.த. தகைமையுடன் மட்டும் பெருந்தொகையான மலையக இளைஞர் ஆசிரியராகினர். அவர்கள் பணியிலிருந்தவாறே தொலைக்கல்வி மூலமும் கலாசாலைகள் மூலமும் பயிற்சி பெற்றனர். சுவீடனின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்கள் விருத்தி செய்யப்பட்டன. ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. இன்று மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவரின் எண்ணிக்கை பெருகியிருப்பதற்கு அந்த ஆசிரியத் தலைமுறையின் உழைப்பு முக்கிய காரணமாகும்.

ஆனால், இத்துணை அனுபவத்தின் பின்னரும், 2010களின் நடுப்பகுதியில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ‘ஆசிரியர் உதவியாளர்’ என்றொரு புதிய தரம் உருவாக்கப்பட்டது. உயர்தரச் சித்தியுடைய இளைஞர், யுவதியர் மாதாந்தம் 6,000 ரூபா கொடுப்பனவுடன் நியமிக்கப்பட்டனர். அக்கொடுப்பனவு பின்னர் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பயிற்சியை நிறைவு செய்த பின்னரே அவர்கள் ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்படுவர் என்பது ஏற்பாடு. பெயரளவில் அவர்கள் உதவியாளர். ஆயின், உதவி செய்வதற்கு வகுப்பறையில் வேறு ஆசிரியர் இல்லாதவிடத்து அவர்களே ஆசிரியர். முழு ஆசிரியரின் பணியை ஏணியின் முதற்படிக்கும் கீழே நின்று செய்யுமாறு அவர்கள் பணிக்கப்பட்டனர். அந்நாளைய தோட்டப் பாடசாலை ஆசிரியரின் நிழல் இந்நியமனத்தின் மேல் விழுந்திருப்பதை எவரும் காணலாம்.

வடக்கு, கிழக்கின் தொண்டர் ஆசிரியர்களின் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. போர்க் காலத்தில் நியமனம் பெற்றோர் செல்லத் தயங்கிய கிராமங்களிலும் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் பாடசாலைகளை இயங்கச் செய்தோருட் பலர் எவ்வித நிரந்தர நியமனமும் அற்றவர்கள். மரநிழலில் நடந்த வகுப்புகளுக்கு வரவுப் பதிவேடு இருக்கவில்லை. பின்னர் நிரந்தர நியமனம் கோரியபோது அவர்களிடம் கேட்கப்பட்டதோ சேவையை உறுதிப்படுத்தும் ஆவணங்கள். கடிதத்தை மட்டும் அறிவாகவும் பதிவை மட்டும் சேவையாகவும் கொள்ளும் முறைமை, மிகக் கடினமான காலத்தின் மிகச் சிறந்த சேவையைக் கண்டுகொள்ள இயலாது தவித்தது. பலர் நீண்ட போராட்டங்களின் பின்னரே உள்வாங்கப்பட்டனர்.

இவற்றோடு, வேலையற்ற பட்டதாரிகளுக்குத் தொழில் வழங்கும் அரசியற் தேவை அவ்வப்போது பாடசாலைகளின் மேற் சுமத்தப்பட்டமையையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 2020இல் தொடங்கிய பட்டதாரிப் பயிலுநர் திட்டத்தின் கீழ் 50,000க்கும் மேற்பட்டோர் அரச நிறுவனங்களில் இணைக்கப்பட்டனர். பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டோர் கற்பித்தற் பணியில் ஈடுபட்டபோதும் ஆசிரியராக ஏற்கப்படவில்லை. ஆசிரியர் சேவையில் இணைக்குமாறு பின்னர் அவர்கள் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது. பட்டதாரிக்கு வேலை வேண்டும் என்பதும் பிள்ளைக்கு ஆசிரியர் வேண்டும் என்பதும் இரு நியாயமான கோரிக்கைகள். ஒன்றை மற்றதன் பெயரால் மலிவாக நிறைவேற்ற முனைந்ததே தவறு.

6

சம்பளத்தைப் பேசாது பதவியுயர்வைப் பேசுதல் நேர்மையாகாது. 1994இல் ஒன்றிணைந்த சேவையாக எழுந்த ஆசிரியர், 1997ஆம் ஆண்டின் சம்பள மறுசீரமைப்பில் ஒப்பான ஏனைய சேவைகளிலும் பின்தள்ளப்பட்டனர். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு எனப் பெயர்பெற்ற இப்பிரச்சினை இருபத்துநான்கு ஆண்டுகள் இழுபட்டு, 2021 யூலை 12ஆந் திகதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் வெடித்தது. கொவிட் தொற்றுக் காலத்தில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியதாகத் தொடங்கிய அப்போராட்டம் ஒக்டோபர் வரை நூறு நாட்களளவில் நீடித்தது. கோரப்பட்டதில் மூன்றிலொரு பங்கு 2022 தொடக்கத்தில் வழங்கப்பட்டது. எஞ்சிய மூன்றிலிரு பங்கிற்காக 2024இலும் ஆசிரியர் வீதிக்கு வந்தனர்.

அப்போராட்டத்தின்போது ஆசிரியர் பிள்ளைகளைப் பணயம் வைப்பதாகக் கூறப்பட்டது. கல்விக்கான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 2 சதவீத அளவிலேயே நீண்டகாலம் நின்றுவிட்ட ஒரு நாட்டில், பிள்ளைகளைப் பணயம் வைத்தவர் யார் என்ற வினாவை நாம் மறுத்துக் கேட்க வேண்டியவர்களாக உள்ளோம். எனினும், தொழிற்சங்கங்களை நோக்கியும் தோழமையுடன் ஒன்று கூறுதல் வேண்டும். சம்பளப் படிநிலையை ஒழுங்குபடுத்துதல் இன்றியமையாதது. ஆயின் அது மட்டும் வகுப்பறையை மாற்றிவிடாது. தனது மாலை நேரத்தைத் தனியார் கல்வி நிலையத்திற்கு விற்க நேரும் ஆசிரியருக்கு உயர்ந்த சம்பளம் முதல் நிபந்தனை. தொழில்சார் கௌரவமும் வளர்ச்சியும் அடுத்த நிபந்தனை. இரண்டாவது நிபந்தனையைச் சங்கங்கள் தமது கோரிக்கைப் பட்டியலிற் சேர்க்காதவிடத்து அதனை நிருவாகம் தனது விருப்பப்படி வரைந்துவிடும்.

7

அவ்வாறு வரையப்படக்கூடிய மாற்று எதுவென்பது ஏற்கெனவே தெரிந்ததே. செயலாற்றுகையை அளந்து, மாணவர் பெறுபேற்றோடு சம்பளத்தையும் பதவியுயர்வையும் பிணைக்கும் யோசனை உலகெங்கும் சர்வதேச நிதி நிறுவனங்களின் வட்டாரங்களிற் செல்வாக்குடன் உலவுகின்றது. காலத்தையும் காகிதத்தையும் மட்டும் கணக்கிடும் முறையை நாம் கண்டித்துள்ளமையால் இந்த யோசனையை ஆதரிப்போர் எம்மையும் தம்மவராகக் கருதக்கூடும். எனவே எமது நிலைப்பாட்டைத் தெளிவுபடுத்துதல் அவசியம்.

இது புதியதன்று, 1870களில் இங்கு நடைமுறையிலிருந்ததே. இங்கிலாந்திற் பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றிய கவிஞரும் விமர்சகருமான மத்தேயு ஆர்னல்ட் அம்முறை கற்பித்தலை இயந்திரமயமாக்குகின்றது எனத் தமது அறிக்கைகளிற் கண்டித்தார். 1890களில் அந்நாடே அதனைக் கைவிட்டது. எமது சூழலில் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை ஆரம்ப வகுப்புகளை எவ்வாறு ஆட்கொண்டுள்ளது என்பதை அறிந்தவர்க்கு, அப்பரீட்சையின் புள்ளிகளோடு ஆசிரியரின் சம்பளமும் பிணைக்கப்பட்டால் நிகழக்கூடியதை விளக்கத் தேவையில்லை. சித்தியெய்தத்தக்க சிலர் முன்வரிசைக்கு அழைக்கப்படுவர்; மற்றோர் பின்வரிசையில் மறக்கப்படுவர். வறிய பாடசாலையிலிருந்து வெளியேற ஆசிரியருக்கு மேலும் ஒரு காரணம் கிடைக்கும்.

ஆசிரியரின் தகுநிலை பற்றி 1966இல் சர்வதேசத் தொழில் நிறுவனமும் யுனெஸ்கோவும் இணைந்து நிறைவேற்றிய விதப்புரை இவ்விடயத்திற் தெளிவானது. பதவியுயர்வு, ஆசிரியர் அமைப்புகளுடன் கலந்தாலோசித்து வகுக்கப்பட்ட தொழில்சார் அளவுகோல்களின்படி அமைதல் வேண்டும் என்றும், அவ்வமைப்புகளின் ஆலோசனையும் இணக்கமும் இன்றித் திறமை மதிப்பீட்டைச் சம்பளத்தோடு பிணைத்தலாகாது என்றும் அது கூறுகின்றது. ஆசிரியரை மதிப்பிடுவதை அது மறுக்கவில்லை. மதிப்பிடும் அளவுகோலை வகுப்பதில் ஆசிரியருக்கும் பங்கு வேண்டும் என்றே வற்புறுத்துகின்றது.

வகுப்பறைக்குள்ளேயே உயர்வதற்கான பாதை வெறுங் கனவன்று. சிங்கப்பூர் 2001இல் தனது ஆசிரியர் சேவையில் கற்பித்தல், தலைமைத்துவம், சிறப்புத் துறை என மூன்று பாதைகளை வகுத்தது. கற்பித்தற் பாதையில் உயர்பவர் நிருவாகியாவதில்லை. ஏனைய ஆசிரியர்க்குக் கற்பிக்கும் ஆசிரியராகின்றார். அந்நாட்டின் அரசியலும் செல்வமும் எம்முடையவை அல்ல. அதன் போட்டி மனப்பான்மை எமக்கு முன்மாதிரியும் அன்று. ஆயின், கற்பித்தலிற் சிறந்தவரைக் கற்பித்தலிலேயே உயர்த்தலாம் என்ற ஒரு கருத்தை மட்டும் அங்கிருந்து பெற்றுக்கொள்ளத் தடையில்லை.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, முதலாம் வகுப்பை ஒரு பொறுப்பாக மாற்றுதல் வேண்டும். அவ்வகுப்பை அடைந்த ஆசிரியர்க்குக் கற்பித்தற் பாடவேளைகள் சிலவற்றைக் குறைத்து, அந்நேரத்தில் இளம் ஆசிரியரை வழிப்படுத்தும் பணி ஒப்படைக்கப்படலாம். இரண்டாவதாக, கஷ்டப் பிரதேசச் சேவை தண்டனைக் காலமாக அன்றிச் சிறப்பறிவைத் தரும் சேவையாக ஏற்கப்பட வேண்டும். விரும்பித் தங்குபவருக்குப் பதவியுயர்வில் முன்னுரிமையும், தங்குமிட வசதியும், அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கான ஏற்பாடும் அளிக்கப்படாது தங்குமாறு கேட்பது நேர்மையற்றது. மூன்றாவதாக, பல்தரக் கற்பித்தலில் தேர்ந்தவர், எழுத்தறிவு பின்தங்கிய பிள்ளைகளை மீட்பதில் வல்லவர் ஆகியோரது அறிவு பட்டத்திற்கு ஈடான தகைமையாக மதிக்கப்படுதல் வேண்டும். நான்காவதாக, உதவியாளர், தொண்டர், பயிலுநர் ஆகிய பெயர்களில் மலிவான ஆசிரியரை உருவாக்கும் வழக்கம் முற்றாகக் கைவிடப்படுதல் வேண்டும். வகுப்பறையில் நிற்பவர் ஆசிரியர். அவருக்குரிய பெயரும் பயிற்சியும் சம்பளமும் அவருக்குக் கிடைத்தல் வேண்டும்.

இவ்விமர்சனத்திலிருந்து பல்கலைக்கழகத்தவராகிய நாமும் விலக்குப் பெற முடியாது. ஆசிரியர் ஏறும் ஏணியின் படிகளிற் பலவற்றைச் செய்துகொடுப்பவர் நாமே. கல்வியியற் டிப்ளோமா தொட்டு முதுமாணி வரை நாம் வழங்கும் கற்கைநெறிகளில் எத்தனை அந்த ஆசிரியையின் ஈர்தர வகுப்பறையைத் தமது ஆய்வுகூடமாகக் கொண்டுள்ளன? அவர் பத்தாண்டுகளிற் கண்டறிந்ததை எழுத்தாக்குமாறு நாம் எப்போதேனும் கேட்டதுண்டா? பிற நாட்டு நூல்களின் சுருக்கத்தை ஒப்படையாக எழுதுவித்து, அதற்குப் புள்ளியிட்டு, சான்றிதழ் கையளித்து அனுப்பிவிடுகின்றோம். அவரது அறிவை அரசு காணத் தவறியது எவ்வளவு உண்மையோ, நாமும் காணத் தவறினோம் என்பதும் அவ்வளவு உண்மை.

கல்வியின் தரம் என்பது இறுதியில் ஒரு பிள்ளைக்கும் ஓர் ஆசிரியருக்குமிடையே நிகழ்வது. அவ்விருவரையும் நீண்டகாலம் ஒன்றாக இருக்கவிடாத கொள்கை, எத்துணை அழகிய சொற்களால் எழுதப்பட்டிருப்பினும், தரத்தை உயர்த்தும் கொள்கையாகாது. ஆசிரியர் உயர்தல் வேண்டும். அவர் உயரும்போது அவரது வகுப்பறையும் உடன் உயர்தல் வேண்டும். ஒன்று உயர மற்றது தாழும் நிலை நீடிக்கும்வரை, இலவசக் கல்வி என நாம் பெருமையுடன் கூறுவதன் விலையைத் தோட்டத்து லயன் அறையிலும் மீள்குடியேறிய கிராமத்திலும் வாழும் பிள்ளையே தொடர்ந்து செலுத்திக்கொண்டிருக்கும்.